கட்டில் இரண்டு, பாய் ஒன்று

பிரயாண ஆபீஸ் குமாஸ்தா எல்லா ஊருக்கும் டிக்கெட் எழுதுவான். எந்த ஊரையும் பார்த்திருக்க மாட்டான். பிறர் சொல்லச் சொல்ல எழுதிச் சம்பளம் வாங்கியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

என் மைத்துனன் தானியேலை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது ரேணிகுண்டா ஸ்டேஷனில். மெட்ராஸ் வண்டியில், துரைமார் பெட்டியை ஒட்டிய வேலைக்காரர் பெட்டியில், சுருட்டிய பாயை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வண்டி நகர்ந்தபோது அவன் கையாட்டவில்லை. எதிரில் இருந்தவரிடம் தீப்பெட்டி கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு வெள்ளைக்காரத் தம்பதியின் கடற்கரை விடுமுறைக்குச் சமைத்துப் போடப் போனான். அந்த விடுமுறைக்கு ஏற்பாடு செய்தவன் நான்.

சத்தமில்லாத ஊர்

எங்கள் ஆபீஸ் திருப்பதியில், ஸ்டேஷனுக்கு எதிரே. யாத்ரீகர்களுக்குத் திருச்சானூர் போக வண்டி பேசிக் கொடுப்பதில் தொடங்கி, என் காலத்தில் கப்பல் டிக்கெட் வரை வந்திருந்தது. பிரம்மோற்சவம் முடிந்த வாரம், வேர்க்கடலை ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியின் துரை மனைவியோடு வந்தார். துரைசானி காதில் பஞ்சு வைத்திருந்தாள். ஆளே இல்லாத கடற்கரையில் ஒரு மாதம் இருக்க வேண்டும் என்றார்கள்.

நான் பள்ளிக்கூடம் போனது நாலாவது வரைக்கும்தான். இங்கிலீஷ் படித்தது கப்பல் கம்பெனிகளின் கையேடுகளில். அவற்றைப் புரட்டி, ஜாவாவுக்குக் கிழக்கே ஒரு சின்னத் தீவைக் கண்டுபிடித்துக் கொடுத்தேன். நடுவில் எரிமலை. எப்போதாவது புகை விடும், மற்றபடி சாது. எரிமலைத் தீவு என்பதால் மணல் கறுப்பாக இருக்கும் என்றேன். துரைசானி கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள்: “இங்கிருந்து பத்து மூட்டை வெள்ளை மணல் அனுப்ப முடியுமா, ரைட்டர்?”

உயரக் கட்டில்

தீவிலிருந்த கப்பல் ஏஜண்டுக்கு எழுதிக் கேட்டேன். பதில் வந்தது. எங்கு வேண்டுமானாலும் தங்கலாம், கிழக்குக் கரையில் உள்ள பள்ளத்தில் மட்டும் கூடாரம் போடக் கூடாது. காற்றில்லாத நாட்களில் மலையிலிருந்து கெட்ட வாயு இறங்கி அங்கே தரையோடு தேங்கும். ஆடும் கோழியும் செத்திருக்கின்றன. இருட்டினால் ஊர்க்காரர்கள் அந்தப் பக்கம் போவதில்லை.

துரைக்குப் படித்துக் காட்டினேன். ஊர்க்காரர்கள் வராத இடமா, அதுதான் வேண்டும் என்றார். வாயு எவ்வளவு உயரம் வரும் என்று கேட்டு மறுபடி எழுதச் சொன்னார். முழங்கால் உயரம் என்று பதில் வந்தது. உடனே தச்சனைக் கூப்பிட்டு இடுப்பு உயரத்துக்குக் கட்டில் செய்யச் சொன்னார். எவ்வளவு சாமர்த்தியம் பாருங்கள்.

சாமான் பட்டியலை முதலாளி சொன்னார், நான் எழுதினேன். கூடாரம் இரண்டு. உயரக் கட்டில் இரண்டு. நாய் ஒன்று. வேலையாள் ஒருவன். அந்த இடத்தில் என் பேனா நின்றது. முதலாளி எட்டிப் பார்த்தார். “ஏமய்யா, வேலைக்காரனுக்கு எப்பவாவது கட்டில் எழுதியிருக்கோமா? பாய்னு எழுது, பர்லேது, அது போதும்.”

எழுதினேன்.

ஆள் கிடைத்தான்

துரையின் பழைய சமையற்காரன் எரிமலை என்றதும் வேலையை விட்டே ஓடிவிட்டான். இரண்டு நாளில் வேறு ஆள் தருவதாக முதலாளி வாக்குக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் தானியேலைச் சொன்னேன். என் மனைவி எஸ்தரின் ஒரே தம்பி, நன்றாகச் சமைப்பான், அப்போது வேலையில்லாமல் எங்கள் வீட்டில் இருந்தான்.

தரையோடு கெட்ட காற்று வரும், மேட்டில் படுத்துக்கொள் என்று அவனிடம் சொன்னேன். ஆடும் கோழியும் செத்ததைச் சொல்லவில்லை. சொன்னால் போகமாட்டான், போகாவிட்டால் முதலாளி என்னைச் சும்மா விடமாட்டார். என் வேலையைக் காப்பாற்றிக்கொண்டேன். அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். “எரியிற மலைன்றியே மாமா, அப்ப அடுப்பு மூட்ற வேல மிச்சம் எனக்கு!”

துரை திரும்பினார்

இரண்டு மாதம் கழித்துத் துரை ஆபீசுக்கு வந்தார். வெயிலில் நன்றாகச் சிவந்திருந்தார். ஒன்பதாம் நாள் காற்றே இல்லையாம். காலையில் டீ வரவில்லை என்று போய்ப் பார்த்தார்களாம். தானியேல் பாயில் படுத்தபடியே இருந்தானாம். அங்கேயே புதைத்துவிட்டு மேட்டுக்கு மாறி, மீதி நாட்களையும் இருந்து முடித்துவிட்டு வந்திருக்கிறார்கள். மீதி நாட்களையும்! துரை வருத்தத்தோடுதான் பேசினார், அதை மறுக்கவில்லை. எழுந்து போகும்போது சொன்னார்: “நல்ல வேளை, நாய் எங்கள் கட்டிலில் படுத்திருந்தது.”

எஸ்தர் கேட்டது

அன்று வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். கடிதம், பட்டியல், நான் சொல்லாமல் விட்டது, எதையும் மறைக்கவில்லை. எஸ்தர் அழவில்லை. அரிசி களைந்த தண்ணீரில் கை அப்படியே இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து என்னை வாங்க போங்க என்றே பேசியவள், அன்று ஒரே ஒரு முறை நீ என்றாள். “அவங்க சொன்னதெல்லாம் எய்தினியே, மூணாவது கட்டிலு ஏன் எய்தல?”

நற்சாட்சி

அடுத்த வாரம் துரையிடமிருந்து ஆபீசுக்கு நன்றிக் கடிதம் வந்தது. இவ்வளவு அமைதியான இடத்தைத் தாம் பார்த்ததில்லை, ஏற்பாட்டில் ஒரு குறையும் இல்லை என்று டைப் அடித்திருந்தது. முதலாளி அதற்குக் கண்ணாடி போட்டு, வருகிறவர்கள் கண்ணில் படும்படி என் மேஜைக்கு மேலேயே மாட்டினார். கழற்றச் சொன்னேன். சிரித்தார். நானே எழுந்து அதைச் சுவரைப் பார்க்கத் திருப்பி மாட்டினேன். ஒன்பது வருஷத்தில் அவர் பேச்சை நான் மீறியது அந்த ஒரு தடவைதான். அவருக்குக் கோபம்கூட வரவில்லை. “செவுத்தப் பாத்து மாட்டினா அத யாருய்யா படிப்பாங்க?”

கடைசியாக

மறுநாளிலிருந்து நான் ஆபீசுக்குப் போகவில்லை. எங்கள் சொந்த ஊரான சித்தூருக்கே திரும்பி வந்துவிட்டோம். தம்பியின் பெயரை செத்தவர்களைப் பதியும் எங்கள் சபையின் அடக்கப் புத்தகத்தில் எழுதிவிட வேண்டும் என்று எஸ்தர் தவித்தாள். செத்ததற்கு ஒரு தாள் கொண்டுவா என்றார் பாதிரியான சபை ஐயர். கப்பல் கம்பெனிக்கும் தீவின் ஏஜண்டுக்கும் மாற்றி மாற்றி எழுதினேன். அந்தப் பெயரில் யாரும் வந்ததாகப் பதிவில்லை, துரையோடு ‘வேலையாள் ஒருவன்’ வந்ததாக மட்டுமே இருக்கிறது என்று பதில் எழுதினார்கள். நான் எழுதிக் கொடுத்ததைத்தான் எனக்கே திருப்பி அனுப்பியிருந்தார்கள். எஸ்தர் போய்ச் சேர்ந்து நாலு வருஷமாகிறது. 

அவன் ஞானஸ்நானம் பெற்றது மட்டும் சபைப் புத்தகத்தில் இருக்கிறது; அதன்படி பார்த்தால் என் மைத்துனன் தானியேல் இன்னும் சாகவில்லை.