சிவப்பா, வெள்ளையா

காலை ஏழு மணிக்குத் திருநெல்வேலியில் ரயிலேறி, ஒன்பதரைக்குத் தென்காசியில் இறங்கினேன். குற்றாலம் அங்கிருந்து மூன்று மைல். பஸ்ஸில் பதினைந்து நயா பைசா. சாரல் சீசன் என்பதால் வண்டி முழுக்க எண்ணெய் வாசனை. எல்லோரும் குளிக்கப் போனார்கள். நான் பூக்கட்டிப் பார்த்துச் சாமியிடம் உத்தரவு கேட்கப் போனேன்.

தங்கை வடிவு தென்காசியில் பள்ளி ஆசிரியை. உடன் வேலை பார்க்கும் கிறிஸ்தவரைக் கட்டிக்கொள்ள விரும்புகிறாள். அப்பா இல்லாத வீடு. அண்ணன் சொல்லட்டும் என்று அவளும் அம்மாவும் என் தலையில் போட்டுவிட்டார்கள். மாலை நான்கு மணிக்கு நான் பதில் சொல்ல வேண்டும். கல்லூரியில் தத்துவம் நடத்துகிறவன் நான். மனிதன் தன் முடிவுக்குத் தானே பொறுப்பு என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப்போடுகிறேன். சொந்தத் தங்கை என்றதும் பொறுப்பைச் சாமியிடம் தள்ள வந்துவிட்டேன். பூக்கட்டப் போவதை அவர்கள் இருவரிடமும் சொல்லியும் வைத்திருந்தேன். வெட்கமாகத்தான் இருந்தது.

பதினொரு மணி. ஐந்தருவிப் பாதையில் சின்ன அம்மன் கோயில். செவ்வரளியையும் வெள்ளை அரளியையும் தனித்தனியாக இலையில் மடித்துக் கட்டி, பூசாரி அம்மன் காலடியில் குலுக்கிப் போட்டார். ஈரச்சேலையோடு கும்பிட வந்த ஓர் அம்மாளை ஒன்றை எடுத்துத் தரச் சொன்னார். பிரித்தேன். சிவப்பு. எங்கள் வீட்டில் வெள்ளைதான் சம்மதம். எனக்கு நெஞ்சை அடைத்தது.

பூசாரியோ நல்ல உத்தரவு என்று விபூதி தந்தார். எங்கள் பக்கம் வெள்ளைதான் நல்லது என்றேன்.

"இங்கன சிவப்புத்தான் அண்ணாச்சி. அது கெடக்கட்டும், நீங்க எத நெனச்சுக் கேட்டிய?"

அப்போதுதான் உறைத்தது. எந்த நிறத்துக்கு என்ன அர்த்தம் என்று அம்மனிடம் சொல்லவே மறந்திருந்தேன். இன்னொரு முறை கட்டலாமா என்று கேட்டேன்.

"வேண்டியது வருத வரைக்கும் கட்டிக்கிட்டே இருப்பியளா?" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார்.

அருவியில் தலையை நீட்டவில்லை. பாறை ஓரம் உட்கார்ந்து, ஊர் பேசப்போவதையும், வடிவு எந்தச் சாமியைக் கும்பிடுவாள் என்பதையும் நினைத்து நினைத்து மறுகினேன். சிவப்பைக் கண்டதும் எனக்கு ஏன் நெஞ்சை அடைத்தது? வெள்ளை வர வேண்டும் என்று வேண்டியிருந்தேன் என்றுதானே அர்த்தம்? அது தெரிந்த பிறகும் பயம் போகவில்லை.

நான்கு மணிக்குத் தென்காசி ஸ்டேஷனில் வடிவு காத்திருந்தாள். சம்மதம் என்றேன். பூ வெள்ளையா என்று கேட்டாள். சிவப்பு என்றதும் முகம் வாடிவிட்டது.

"நாளைக்கு ஒரு கஷ்டம் வந்தா, பூ அன்னைக்கே சொல்லிச்சுன்னு சொல்லுவியளாண்ணே?"

"மாட்டேன். சரின்னு சொன்னது நாந்தான்னு சொல்லுவேன்."

அவள் அழுதாள். சந்தோஷமா பயமா என்று நான் கேட்கவில்லை.

வீட்டில் நுழைந்ததும் அம்மா என்ன பூ என்றுதான் கேட்பாள். குற்றாலத்தில் சிவப்புத்தான் நல்லது என்று சொல்லித் தப்பிக்கலாம், பொய்யும் இல்லை. ஆனால் பூ சிவப்பு, சம்மதம் என்னுடையது என்றே சொல்வதாக ரயிலில் முடிவு செய்தேன். பயம் அப்படியே இருந்தது. முடிவெடுத்தால் பயம் போய்விடும் என்று வகுப்பில் எப்போதாவது சொல்லியிருக்கிறேனா என்று பாவூர்ச்சத்திரம் வரை யோசித்தேன். சொல்லியிருந்தால் திங்கட்கிழமை அதை அழித்து எழுத வேண்டும்.