லோடிங் ஓடும் நேரம்

கம்ப்யூட்டர் விளையாட்டு திறக்கும் முன், திரையில் லோடிங் கோடு ஓடத் தொடங்கியதும் என் அக்கா கண்ணை மூடிக்கொள்வாள். பதினோரு வருடமாகப் பார்க்கிறேன். கை மவுஸ் மேலேயே இருக்கும், முதுகு வளையாது. பின்னால் நிற்பவருக்கு அவள் வேலையில் மூழ்கியிருப்பதாகத்தான் தோன்றும். கோடு ஓடி முடிய இருபது, இருபத்தைந்து விநாடி ஆகும். விளையாட்டின் சத்தம் கேட்டதும் கண்ணைத் திறப்பாள். நாளுக்கு முப்பது மானிட்டர் பார்க்கிறவளுக்கு வேலைக்கு நடுவே கிடைக்கும் ஓய்வு அவ்வளவுதான்.

நாங்கள் இருவரும் ஒரே சர்வீஸ் சென்டரில் இருக்கிறோம். கம்ப்யூட்டர் விளையாட்டுக்கென்று வாங்கும் பெரிய மானிட்டர்கள் பழுது என்று வந்தால் அக்கா சோதிப்பாள். பழுது இருந்தால் சிவப்பு ஸ்டிக்கர், இல்லாவிட்டால் பச்சை. எதை ஒட்டினாலும் அதில் அவள் கையெழுத்து இருக்கும். நான் அவளுக்குப் பக்கவாட்டில் இருக்கும் மேஜையில் பெட்டி கட்டுகிறேன். அவள் பத்து முடித்து, எலெக்ட்ரானிக்ஸ் வகுப்புக்கும் ஒரு வருடம் போனாள். நான் ஏழோடு நின்றேன். அம்மா படுத்த வருடம் யாராவது ஒருத்தி வீட்டில் இருக்க வேண்டியிருந்தது.

எங்கள் இடத்தில் ஒரு விதி உண்டு. ஒரே மானிட்டர் இரண்டு முறை பச்சை வாங்கிப் போய், மூன்றாம் முறை பழுது தெரிந்தால், பச்சை ஒட்டியவர் சோதனை மேஜையை விட்டுக் குடோனுக்குப் போக வேண்டும். அங்கே நாள் முழுக்க நின்றபடி பெட்டி தூக்கும் வேலை. அக்காவுக்குக் காலில் நரம்பு சுருண்டிருக்கிறது. அரை மணி நேரம் நின்றாலே பாதம் வீங்கி, செருப்பு நுழையாது.

அப்படி மூன்றாம் முறை வந்தவர், வங்கி வேலையில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். வீட்டில் உட்கார்ந்து விமானம் ஓட்டும் விளையாட்டு விளையாடுவார். அதனால் நாங்கள் அவருக்குப் பைலட் என்று பெயர் வைத்திருந்தோம். திரை மினுக்குகிறது என்பார். எப்போது என்று கேட்டால் அப்பப்போ என்பார். அந்த முறை பெட்டியை இறக்கி வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார்.

“இன்னைக்கு நான் போகப்போறதில்லம்மா. வீட்டுல மருமக, ‘மாமா, ஸ்கிரீன்லாம் நல்லாத்தான் இருக்கு, உங்க கண்ணுதான் போச்சு’ன்னு டாக்டர்கிட்டயே இழுத்துட்டுப் போயிட்டா. அவர் என் கண்ணுல ஒண்ணும் இல்லேங்கிறார். அப்ப எனக்குப் பைத்தியமா?”

அக்கா சிரிக்கவில்லை. மேலாளர் வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

கேபிளை மாற்றினாள். வேறு கம்ப்யூட்டரில் சொருகினாள். மானிட்டருக்கான டிரைவர் மென்பொருளைப் புதிதாக ஏற்றினாள். வெள்ளை, சிவப்பு, கறுப்பு என்று ஒவ்வொரு நிறமாகத் திரை முழுக்க நிறுத்திப் பார்த்தாள். ‘அடாப்டிவ் சிங்க்’ என்று ஒரு வசதி உண்டு. கம்ப்யூட்டர் எந்த வேகத்தில் படம் அனுப்புகிறதோ அதே வேகத்துக்குத் திரையும் தன்னை மாற்றிக்கொள்ளும். அதைப் போட்டும் அணைத்தும் விளையாட்டை ஓட்டினாள். ஒவ்வொரு முறையும் லோடிங் வந்தது, அவள் கண் மூடியது. மேலாளர் அந்த நேரத்தில் போனைப் பார்த்தார். பெரியவர் இருந்த பக்கம் மானிட்டரின் முதுகுதான் தெரியும். விளையாட்டு தொடங்கிய பிறகு படம் குளத்துத் தண்ணீர் மாதிரி அசையாமல் நின்றது.

நான் பார்த்தேன். எனக்கு அந்தத் திரை ஓரக்கண்ணில்தான் படும், ஆனால் மினுக்கல் ஓரக்கண்ணுக்குச் சீக்கிரம் தெரிகிறது. லோடிங் ஓடும்போது, இருட்டான அந்தத் திரை, உயிர் போகப்போகிற டியூப் லைட் மாதிரி துடித்தது. முதல் முறை வந்தபோதும் துடித்தது, இரண்டாம் முறையும். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால், உன் அக்கா கண்ணுக்கு ஏன் தெரியவில்லை என்று கேட்பார்கள்.

அக்கா பச்சை ஸ்டிக்கரைக் கையில் எடுத்துவிட்டாள். எனக்குப் பைத்தியமா என்று பெரியவர் கேட்டது என் காதை விட்டுப் போகவில்லை. டேப்பைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் எழுந்து போய் அவள் காதருகே குனிந்தேன்.

“லோடிங்ல பாருக்கா.”

அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு அந்த வசதியைப் போட்டு, விளையாட்டை மூடி மறுபடி திறந்தாள். இந்த முறை கண்ணை மூடவில்லை.

திரை துடித்ததை மேலாளரும் பார்த்துவிட்டார். “இது எப்படிங்க ரெண்டு தடவை தப்பிச்சுது?”

இப்போதுதான் வந்த பழுது என்று அவள் சொல்லியிருக்கலாம். யாராலும் மறுக்க முடியாது.

“இந்த நேரத்துல நான் கண்ணை மூடிக்குவேன் சார். எரியும். வந்த நாள்லேர்ந்தே அப்படித்தான்.”

மேலாளர் வாய் திறக்கும் முன் பெரியவர் முந்திக்கொண்டார். அவர் கண் நன்றாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுத் தர வேண்டுமாம், மருமகளிடம் காட்ட. அக்கா சிவப்பு ஸ்டிக்கர் ஒன்றில் எழுதிக் கொடுத்தாள்.

லோடிங் ஓடும்போது கம்ப்யூட்டர் அனுப்பும் படத்தின் வேகம் ஏறி இறங்குகிறது, திரை அதைத் துரத்துகிறது, துரத்தும்போது வெளிச்சமும் கூடிக் குறைகிறது, இருட்டில் அது பளிச்சென்று தெரிகிறது. அக்கா அவருக்குச் சொன்னது இதுதான். வேகத்துக்கு ஒரு வரம்பு வைத்ததும் மினுக்கல் பாதியாகக் குறைந்தது. அந்த வசதியையே அணைத்ததும் நின்றுவிட்டது, ஆனால் வேகமாகத் திரும்பும்போது படம் கிழிந்த மாதிரி தெரியும் என்றாள். இந்த வகை மானிட்டரே அப்படித்தான், வேறு ஒன்று கொடுத்தாலும் மினுக்கும் என்பதையும் மறைக்கவில்லை.

“அணைச்சே குடும்மா. என் விமானம் மெதுவாத்தான் திரும்பும்,” என்று பெட்டியை வாங்கிக்கொண்டு போனார்.

மாலை பேருந்தில் அக்கா கேட்டாள். “நீ எப்பப் பாத்த?”

“மொதத் தடவையே.”

“ஏன்டி சொல்லல?”

நான் அவள் காலைப் பார்த்தேன். அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை என் பை மேல் வைத்துக்கொண்டாள். குடோனுக்குப் போனால் அந்தக் கால் எத்தனை நாள் தாங்கும் என்றுதான் இருவரும் யோசித்துக்கொண்டு வந்தோம்.

மறுநாள் மேலாளர், மற்ற மேஜைகளில் பச்சை வாங்கிய அதே வகை மானிட்டர்கள் ஐந்தை எடுத்து ஓட்டிப் பார்த்தார். ஐந்தும் லோடிங்கில் மினுக்கின. ஒருவர் அந்த நேரத்தில் தண்ணீர் குடிப்பாராம், இன்னொருவர் ஸ்டிக்கர் எழுதுவாராம். எல்லோரையும் குடோனுக்கு அனுப்பிவிட்டால் சோதிக்க யார் இருப்பார்? விதியைப் பற்றி யாரும் பேசவில்லை. லோடிங் நேரத்திலும் திரையைப் பார்க்க வேண்டும் என்று சுவரில் ஒரு தாள் மட்டும் ஒட்டினார்கள்.

அக்கா ஒரு வாரம் தாளில் சொன்னபடியே பார்த்தாள். மாலையில் கண் இரண்டும் சிவந்து தண்ணீராக வடிந்தது. சொட்டு மருந்துக்கும் அடங்கவில்லை.

இப்போது என் மேஜையை அவள் மேஜைக்கு ஒட்டி நகர்த்திப் போட்டிருக்கிறேன். லோடிங் ஓடத் தொடங்கினால் டேப்பை நிறுத்திவிட்டு நான் பார்க்கிறேன், அவள் கண்ணை மூடிக்கொள்கிறாள். மினுக்கினால் கத்தரிக்கோலால் மேஜையை ஒரு தட்டுத் தட்டுவேன். ஸ்டிக்கரில் அவள் கையெழுத்துதான். மேலாளருக்குத் தெரியும் என்று நினைக்கிறேன், அவர் கேட்டதில்லை. மூன்று மணிக்கு மேல் எனக்கும் கண் எரிகிறது.