வராதவர் வீட்டுக்கு ஒரு போன்

சொர்ணம் அக்கா எங்கள் மையத்துக்கு வேலைக்கு வந்தபோது அவருக்கு ஐம்பத்தொன்பது வயது. அதற்கு முன் சைதாப்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு வருடம் அலுவலக உதவியாளர். காலையில் வகுப்பு வகுப்பாகப் போய் வருகைப் பதிவேட்டை வாங்கி வருவார். வராத பிள்ளைகளின் வீட்டுக்குப் போன் போட்டு, "இன்னாம்மா, கொயந்தைக்கு உடம்பு சரியில்லியா?" என்று கேட்பார். அந்த ஒரு போனால் படிப்பை விடாமல் திரும்பி வந்த பிள்ளைகள் உண்டு. அவர்களில் ஒருவன் இப்போது தரமணியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான் என்று வாரத்துக்கு ஒருமுறையாவது என்னிடம் சொல்லிவிடுவார்.

எங்களுடையது மயிலாப்பூரில், ஒரு மருந்துக்கடைக்கு மேலே, மனநல ஆலோசனை மையம். ஆலோசகர் நான், மதுமதி. பெயர்ப் பலகையைக்கூடச் சின்னதாகத்தான் வைத்திருக்கிறேன். படியருகே யாராவது பார்த்துவிட்டால் இருமல் மருந்து வாங்க வந்ததாகச் சொல்லிக்கொள்ளட்டுமே!

விதிமுறைகளை எழுதியவளும் நான்தான். இரண்டு பக்கம், சுத்தமான ஆங்கிலம். சொல்லாமல் இரண்டு முறை வராவிட்டால் அந்த நேரம் காத்திருக்கும் அடுத்தவருக்குப் போய்விடும். வருகிறவரின் சொந்த எண்ணைத் தவிர வேறு எதற்கும் பேசக் கூடாது. அவசரத்துக்கென்று தந்த வீட்டு எண் உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும். இதையெல்லாம் சொர்ணம் அக்காவுக்கு ஐந்து நிமிடத்தில் அவசரமாகச் சொல்லிக் கையெழுத்து வாங்கினேன்.

"சர்தான் மேடம், வெளில மூச்சு உட மாட்டேன்" என்றார். சொன்னபடியே இருந்தார். அவர் தெருக்காரப் பெண்மணி ஒருவரே வந்து உட்கார்ந்தபோதும் தண்ணீர் கொடுத்தாரே தவிர ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெளியே சொல்லக் கூடாது என்பது அவருக்கு நன்றாகவே புரிந்திருந்தது. வீடும் வெளிதான் என்பதை நான் விளக்கிச் சொல்லவில்லை.

சரண்யா, இது நான் வைத்த பெயர், தி. நகரில் துணிக்கடை நடத்தும் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பத்தின் மருமகள். கூட்டுக் குடும்பம், வீட்டில் பதினோரு பேர். பகலெல்லாம் கடையில் நிற்பாள். வியாழக்கிழமை மட்டும் பாபா கோயிலுக்கு என்று சொல்லிவிட்டுக் கிளம்புவாள். பதினொரு மணிக்கு என் எதிரில் உட்கார்ந்துவிட்டு, பிறகு உண்மையிலேயே கோயிலுக்கும் போய் உதிப் பொட்டலத்தோடு வீடு திரும்புவாள். என்ன பேசினாள் என்பது இங்கே வேண்டாம். வந்ததைவிடக் கொஞ்சம் நிமிர்ந்து போவாள்.

ஆடி பிறந்தது. தள்ளுபடிக் கூட்டத்தில் கடையை விட்டு நகர முடியாமல் ஒரு வியாழன் சொல்லாமலே போயிற்று. அடுத்த வியாழன் பதினொன்றரை ஆகியும் ஆளைக் காணோம், போனும் அணைந்திருந்தது. "அடுத்த ஆளக் கூப்பிட்டுடுங்க அக்கா" என்று சொல்லிவிட்டுக் காபி குடிக்கக் கீழே இறங்கினேன். எழுதியவளுக்கு விதியை நடத்துவது அவ்வளவு லேசு.

அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. பட்டியலிலிருந்து பேர் போய்விட்டால் இந்தப் பெண் மறுபடி படியேறாது என்று பயந்திருக்கிறார். அவசரத்துக்கென்று சரண்யாவின் அட்டையில் எழுதியிருந்த வீட்டு எண்ணுக்குப் போன் போட்டார்.

நான் திரும்பி வந்தபோது முகமெல்லாம் சந்தோஷம். "மாமியார் எடுத்துச்சு மேடம். நல்லா தன்மையா பேசிச்சு. பொண்ணு ரெண்டு வாரமா கவுன்சிலிங்குக்கு வரலியே, உடம்பு கிடம்பு சரியில்லியான்னு கேட்டேன். 'அவ வியாழக்கிழமை பாபா கோயிலுக்குல்லா போறா?'ன்னுச்சு. அப்பால..."

சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். அவருக்கே விளங்கிவிட்டது.

நான் கத்தினேன். இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தும் இது தெரியாதா என்று கேட்டேன். அந்த இருபத்திரண்டு வருடம்தான் அவரைப் போனை எடுக்க வைத்தது என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. இன்றைக்கும் அந்தக் கத்தலை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அவர் மேஜையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அடுத்த வியாழன் சரியாகப் பதினொரு மணிக்குச் சரண்யா வந்தாள். உள்ளே வரவில்லை, சொர்ணம் அக்காவின் மேஜை முன்னாலேயே நின்றாள். அக்கா எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உன் எடம் போயிடக் கூடாதேன்னுதான் கண்ணு பண்ணேன். தப்பு பண்ட்டேன்."

"தெரியும் அக்கா. அத்தை திட்டவே இல்ல. ஒன்ன தனியா விட்டது எங்க தப்புன்னு அழுதுட்டாங்க. இனிமே நான் எங்க போனாலும் கூட வருவாங்களாம். கீழ ஆட்டோல உக்காந்திருக்காங்க."

அத்தையிடம் நான் பேசிப் பார்க்கிறேன், அவர் கீழேயே இருக்கட்டும், நீ உள்ளே வா என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். கோபமில்லாமல்தான் சொன்னாள்.

"வாரத்துல ஒரு மணி நேரம் நான் எங்க இருக்கேன்னு வீட்டுல ஒருத்தருக்கும் தெரியாது மேடம். அதுக்காகத்தான் வந்துட்டு இருந்தேன்."