கொப்பராத் தராசில் தங்கச்சி

கொப்பரா வாடை மூக்கில் பட்டால் இந்த வயதிலும் எழுந்து அப்பால் போய்விடுவேன். எங்கள் பள்ளிக்கூடத்துப் பூவரச மரத்தில் மாதத்துக்கொரு முறை தொங்கவிடப்பட்ட தராசு, பக்கத்துத் தென்னந்தோட்டத்தில் காய்ந்த தேங்காய்க் கொப்பரா நிறுப்பது, இரவலாக வந்தது. அதன் பலகைத் தட்டில் ஏறி இருந்த பிள்ளைகளின் பாவாடையிலும் காற்சட்டையிலும் அந்த எண்ணெய் வாடை ஒட்டிக்கொள்ளும், துவைத்தாலும் போகாது.

உலகச் சண்டைக்காலம் அது. அரிசி கூப்பனுக்கு அளந்து கிடைத்தது, அதுவும் கிடைத்தால்தான். வாவிக்கு அக்கரையில், படுவான்கரை வட்டைகளில் வயல்வேலைக்குப் போகும் அப்பா கொண்டுவரும் நெல் முடிந்ததும் எங்களுக்குக் காலையும் மாலையும் மரவள்ளிக்கிழங்குதான். பள்ளிக்கூடத்தில் மெலிந்த பிள்ளைகளுக்கென்று ஒரு கிடாரத்தில் பால்மா கரைத்துச் சிரட்டையில் ஊற்றுவார்கள். முப்பத்தைந்து இறாத்தலுக்குக் கீழே நின்ற சின்ன வகுப்புப் பிள்ளைக்குத்தான் அந்தச் சிரட்டை. என்னைவிட மூன்று வயது இளையவளான தங்கச்சி பூமணி முப்பத்திரண்டு. அவளுக்குப் பால் உண்டு. எதையும் எண்ணிப் பார்க்கும் பழக்கம் எனக்கு அப்போதே இருந்ததால், அவள் எத்தனை மிடறு குடிக்கிறாள் என்றுகூட வாசலில் நின்று எண்ணுவேன்.

நிறையில் கடைசியாக நின்ற அவள் "கெந்தலில்" முதலாவது. மணலில் எட்டுக் கட்டம் கீறி, ஓட்டுச்சில்லை எறிந்து, ஒற்றைக்காலில் கெந்திப் போய், குனிந்து சில்லை எடுத்துக்கொண்டு மறுகால் ஊன்றாமல் திரும்பி வரவேண்டும். பூமணி எட்டாவது கட்டம்வரை போய், வரும் வழியில் நாக்கையும் நீட்டிப் பழிப்புக் காட்டிக்கொண்டு வருவாள். என்னால் ஐந்தைத் தாண்ட முடிந்ததில்லை.

மாரி தொடங்குவதற்கு முந்திய மாதத்தில் அவள் தட்டில் ஏறியபோது தராசு முப்பத்தாறு என்றது. பெரிய வாத்தியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "பார்த்தீங்களா, பால் செய்த வேலைய. இனி இவட சிரட்டை வேற புள்ளைக்கு."

அன்றைக்கு வீட்டில் விசேஷம் மாதிரி இருந்தது. பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்னகா, மகளுக்குக் கன்னம் உப்பிக் கிடக்கு. எங்களுக்குத் தெரியாம நெய்ச்சோறா ஆக்கிப் போடுறாய்?" என்று கேட்டாள். "உன்ட கண்ணக் கொண்டுபோய்க் கடல்ல கழுவுகா" என்று அம்மா சொன்னாலும், அவள் முகத்தில் பல மாதங்களுக்குப் பிறகு சிரிப்பு இருந்தது.

அடுத்த கிழமை பூமணி மூன்றாவது கட்டத்தில் கால் ஊன்றினாள். சறுக்கிவிட்டது என்று பிள்ளைகள் இன்னொரு முறை கொடுத்தார்கள். மறுபடியும் மூன்றிலேயே ஊன்றினாள். பிறகு அவள் விளையாட வரவில்லை. பூவரசின் கீழே இருந்து மற்றவர்களின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வீட்டில் சொன்னேன். "ஊருக்கே கேட்க இத்தனை இறாத்தல் எண்டு சத்தம் போட்டா புள்ளைக்குக் கண்படாதா மனே?" என்று சொல்லி, அம்மா உப்பும் செத்தல்மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். பெரிய வாத்தியாரிடமும் போய்ச் சொன்னேன். "கெந்துறதுக்கும் நிறைக்கும் என்னடா? தராசு பொய் சொல்லுமா?" என்றார். அவரும் அவளுக்கு நல்லதுதான் நினைத்தார். அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

ஒரு மத்தியானம் பூமணி காலை நீட்டி இருந்துகொண்டு என்னைக் கூப்பிட்டாள். "அண்ணா, இஞ்ச பாரு வித்தை." முழங்காலுக்குக் கீழே விரலால் அமர்த்தினாள். குழி விழுந்தது. அந்தக் குழியில் ஒரு குன்றிமணியை வைத்தாள். அது உருளாமல் அப்படியே நின்றது. அவள் சிரித்தாள். "உன்ட கால்ல செய் பாப்பம்." நானும் அமர்த்தினேன். என் காலில் குன்றிமணி நிற்கவில்லை. அவளுக்கு அதில் பெருமை.

நான் ஓடிப்போய் அம்மாவை இழுத்துவந்து காட்டினேன். அம்மாவின் கையிலிருந்த அகப்பை கீழே விழுந்தது.

அப்பா அக்கரையிலிருந்து வந்து, அவளைத் தோணியில் கிடத்தி மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அம்மாவும் நானும் கூடப் போனோம். டாக்குத்தர் அவள் காலை அமர்த்திப் பார்த்துவிட்டு, "ஏறினது சதை இல்ல, தண்ணி. சத்தில்லாத வீக்கம். எப்ப இருந்து புள்ள நடக்க ஏலாமப் போனது?" என்று கேட்டார். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தாள். "மூண்டாம் கட்டத்தில கால் ஊன்றின நாளையில இருந்து" என்றேன். டாக்குத்தருக்கு விளங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் பால் கொடுத்தார்கள். அவள் வாயில் அது நிற்கவில்லை. வீக்கம் வற்ற வற்ற அவள் எலும்பு தெரிந்தது. திரும்பி வரும்போதும் அதே தோணிதான். அப்பா அவளை மடியிலிருந்து இறக்கவே இல்லை. கரையேறும்போது மட்டும், "பாரமே இல்லயே புள்ள" என்று அவளிடம் சொன்னார், அவளுக்குக் கேட்கும் என்பதுபோல. அடுத்த மாதமும் பூவரசில் தராசு தொங்கியது.

இப்போது அந்தப் பூவரசும் இல்லை, தென்னந்தோட்டமும் இல்லை. மணலில் கட்டம் கீறும் பிள்ளைகளையும் தெருவில் காணோம். என் பேத்தியின் பள்ளிக்கூடத்தில் மின்தராசில் நிறுத்து, வயதுக்கு மிஞ்சிய நிறை என்று எழுதி அனுப்பியிருக்கிறார்கள். மருமகள் இரவுச் சோற்றைக் குறைத்துவிட்டாள். பிள்ளை பள்ளிக்கூட வான் வண்டியில் ஏறிப் போகிறாள், அதிலேயே வந்து இறங்குகிறாள், கைபேசியோடு இருக்கிறாள். நேற்று முற்றத்தில் நானே குனிந்து எட்டுக் கட்டம் கீறி, கெந்திக் காட்டச் சொன்னேன். மூன்றாவதில் கால் ஊன்றிவிட்டாள். "ஏலாது அப்பப்பா" என்று சிரித்தாள்.

இது வேறு, அது வேறு என்று எனக்குத் தெரியும். படித்தவன்தானே. ஆனாலும் அவளைப் படியில் இருத்தி, முழங்காலுக்குக் கீழே விரலால் அமர்த்திப் பார்த்தேன். குழி விழவில்லை, சதை உடனே நிமிர்ந்துவிட்டது. கூசுகிறது என்று அவள் காலை இழுத்துக்கொண்டாள். மற்றக் காலைத் தரச் சொன்னேன்.