உங்கள் அத்தைக்குப் புருஷன் உண்டா?

பிள்ளைகளே, உங்கள் அத்தை ஏன் தனியாக இருக்கிறாள், மாமா என்று ஒருவர் உண்டா இல்லையா என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம் உங்கள் அம்மா என்னைப் பார்க்கிறாள், நான் கூரையைப் பார்க்கிறேன். கூலி லைனில் நாலு பேர் வாயிலிருந்து நாலு விதமாகக் கேட்பதைவிட, நானே எழுதி வைக்கிறேன். பாதிரிச் சாமியார் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவன் எழுத்து. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அத்தைக்கு இரண்டு கல்யாணம் நடந்தது. இரண்டும் ஒரே ஆளோடு. அந்த ஆளை மாமா என்று எழுதக் கை வரவில்லை. அவன் என்றே எழுதுகிறேன். முதலில் ஆம்பூர்ப் பக்கம் எங்கள் ஊரில் தாலி கட்டினான். பிழைக்க ஊரிகம் தங்கச் சுரங்கத்துக்கு வந்த பிறகு நாங்கள் எல்லோரும் ஞானஸ்நானம் பெற்றோம். ஊரில் கட்டியது போதாது, கோயிலிலும் நடக்க வேண்டும் என்றார் சாமியார். இரண்டு முடிச்சுப் போட்டால் கெட்டியாக இருக்கும் என்று முன்னால் நின்று நடத்தி வைத்தவன் நான்தான். அந்தப் புத்தியை நினைத்தால் இன்றைக்கும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

ஏழு வருஷம் பிள்ளை இல்லை. அவன் நந்திதுர்க் லைனில் வேறொருத்தியோடு குடித்தனம் வைத்தான். அத்தை அழுதுகொண்டு உட்காரவில்லை. லைன் பெரியதனக்காரரிடம் போய், "என்னத் தீத்து வுடச் சொல்லுங்க" என்றாள். ஐந்து பேர் கூடினார்கள். அவன் கூரையிலிருந்து ஒரு துரும்பை உருவி, இரண்டாகக் கிள்ளிக் கீழே போட்டான். எங்கள் ஜனத்தில் துரும்பு கிள்ளினால் உறவு போச்சு. அவரவர் வழி அவரவருக்கு. அத்தை தாலியைக் கழற்றிக் கொடுத்தாள். தீர்ந்தது என்று நான் மூச்சு விட்டேன்.

மறுநாள் ஷிப்ட் முடிந்து ஷாப்டிலிருந்து மேலே வந்தவன் நேராக அத்தை வாசலில் வந்து உட்கார்ந்தான். நந்திதுர்க்குக்கு நடக்க வேண்டும். அத்தை வீடு நாலு எட்டு.

"சோறு கீதா?"

"இன்னாய்யா இது? நேத்துதானே துரும்பு கிள்ளின?"

"அது ஊர்ல கட்டினதுக்கு. கோயில்ல கட்டினது அப்படியேதானே கீது? போடு."

அத்தை கதவைச் சாத்தினாள். அவன் வெளியே இருந்து கத்தினான். அக்கம்பக்கத்துப் பெண்கள், கோயிலில் கட்டினவன்தானே, ஒரு வாய் போட்டால் என்ன என்று அவளுக்கே புத்தி சொன்னார்கள்.

நான் பெரியதனக்காரரிடம் ஓடினேன். "எங்க கட்ட நாங்க அவுத்துட்டோம்பா. சாமியார் போட்ட முடிச்சுக்கு எங்கள இன்னாத்துக்குக் கேக்குற?" என்றார். சாமியாரிடம் ஓடினேன். சாவு ஒன்றுதான் அந்த முடிச்சை அவிழ்க்கும் என்றார். அவன் வேறொருத்தியோடு இருக்கிறானே என்றேன். "அது பாவம். கோயிலுக்கு வந்தால் கண்டிப்பேன்" என்றார். அவன் வந்தால் அல்லவா! ஒரு ஞாயிறும் தவறாமல் போகிறவள் கட்டுப்பட்டவள். எட்டிப் பார்க்காதவன் சோற்றுக்கு மட்டும் வேதக்காரன். கோலார்க் கோர்ட்டுக் கச்சேரிக்கும் போனேன். வேதக்காரர் சமாசாரம் எங்களுக்குத் தெரியாது என்று ஒரு குமாஸ்தா திருப்பி அனுப்பினான்.

கடைசியில், கத்தல் ஓயட்டும் என்று அத்தை ஒரு தட்டை வெளியே வைக்க ஆரம்பித்தாள். ஏன் வைக்கிறாய் என்று சண்டை பிடித்தேன். அவள் சொன்னாள்: "சோறு போனாப் போவுது அண்ணா. நான் இன்னான்னு எனக்குத் தெரியணும். அவனுக்குப் பொண்டாட்டியா, இல்லியா? யாராச்சும் ஒருத்தர் சொல்லுங்களேன்."

இப்படியே இரண்டு வருஷம்.

பிறகு அந்த நந்திதுர்க் பெண்ணுக்குக் குழந்தை பிறந்தது. நோஞ்சான் குழந்தை. பயந்து போனவன் ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்று கோயிலுக்கு ஓடினான். அந்தப் பெண் வேதத்தில் சேராதவள். குழந்தையைத் தாங்க ஒரு ஞானத்தாய் வேண்டும். எங்கள் சபையில் நிற்க ஒருத்தியும் ஒப்பவில்லை. வெட்கமில்லாமல் அத்தை வீட்டுக்கு வந்தான். நான் அங்கே இருந்தேன்.

"இங்க எந்த மூஞ்சிய வெச்சிக்கினு வந்த மாப்ள?" என்று எழுந்தேன்.

உள்ளேயிருந்து அத்தை, "நான் நிக்கறேன்" என்றாள்.

அவன் போன பிறகு வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவள் முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே, "நீ சும்மா இரு அண்ணா" என்றாள். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை அத்தை குழந்தையைத் தாங்கினாள். சாமியாருக்குக் கண் கலங்கிவிட்டது. புருஷனுடைய பாவத்தைப் பொறுத்து அவன் பிள்ளையை ஏந்திய மனைவி என்று பிரசங்கமே செய்துவிட்டார். நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் வெளியே வந்ததும், அத்தை குழந்தையை அவன் கையில் கொடுத்து, கூட்டத்துக்கே கேட்கிறமாதிரி சொன்னாள்:

"இந்தாங்க அண்ணா, உங்க புள்ள."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஞானத்தாயும் குழந்தையின் தகப்பனும் ஞான உறவாகிவிடுகிறார்கள், அவர்கள் கல்யாணம் செய்யக் கூடாது என்று உபதேசியார் எங்களுக்குப் பாடம் சொல்லியிருந்தார். கூடப்பிறந்தவர்கள் மாதிரி என்றுதான் எங்கள் ஜனம் அதைப் புரிந்துகொண்டிருந்தது. பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். சாமியார் முகம் சிவந்து என்னைக் கூப்பிட்டார். முன்பே ஆன கல்யாணத்தை அந்தச் சட்டம் கலைக்காது என்றார்.

"அத அவகிட்டயே சொல்லுங்க சாமி. நடந்து நடந்து எனக்குக் காலு போச்சு" என்றேன்.

மறுநாளும் அவன் சோற்றுக்கு வந்தான். அத்தை கதவை அகலத் திறந்தாள். "வாங்க அண்ணா. அண்ணி வரலியா? கொழந்தைக்கு ஒடம்பு தேவலியா?"

தெருவில் போன ஒருவன், "இன்னாப்பா, தங்கச்சி ஊட்டு விருந்தா?" என்றான். சோற்றுக்கு வந்தவன் உட்காரவே இல்லை. அதற்குப் பிறகு வரவும் இல்லை.

கோயில் புஸ்தகத்தில் இன்றும் அவர்கள் புருஷன் பெண்சாதிதான். போன கிறிஸ்துமஸுக்கு முன் வீடு வீடாகச் சபையார் பெயர் ஜாபிதா எழுத வந்த உபதேசியார், "உன் புருஷன் இப்போ எங்கே இருக்கார்?" என்று கேட்டார்.

"யாரு, எங்க அண்ணனா?" என்றாள் அத்தை, உலையில் அரிசியைப் போட்டுக்கொண்டே.

உபதேசியார் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அவர் ஒன்றும் எழுதாமல் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.