தமிழ்ப் படத்துக்குத் தமிழ் எழுத்து

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் ஓசூரில் ஒரு தூறல் போடும். அதை மழை என்று சொல்ல முடியாது. ஆனால் துணி காய விடாது. அந்த நேரத்தில்தான் நானும் என் வீட்டுக்காரரும் படம் பார்ப்போம். போர்வையைக் காலில் இழுத்துவிட்டுக்கொண்டால் படம் பாதி, தூக்கம் பாதி. எது படத்தில் வந்தது, எது கனவில் வந்தது என்று அப்புறம் ஒரு சண்டை நடக்கும். எனக்குப் படத்தைவிட அந்தச் சண்டை பிடிக்கும்.

ஒரு கட்டத்தில் அவர் சண்டை போடுவதை நிறுத்திவிட்டார். நான் எதைச் சொன்னாலும் "ஆமாமா" என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அப்படி ஒத்துப்போகிற ஆளா அவர்? அப்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது.

அவருக்குப் பிரஸ் ஷாப்பில் வேலை. தகடு அடிக்கிற மிஷின்களுக்கு நடுவே யாரும் கத்திப் பேசுவதில்லை. கையாலும் உதட்டாலும் பேசிக்கொள்வார்கள். இருபது வருஷம் அப்படியே பேசியவருக்கு உதட்டைப் படிப்பது தண்ணீர் பட்ட பாடு. தளியிலிருந்து பூ கொண்டுவருகிற அம்மா கன்னடத்தில் விலை சொன்னாலும், மளிகைக்கடை பாய் தமிழில் சொன்னாலும் டக்கென்று பதில் சொல்லிவிடுவார். அவருக்குக் காது போய்விட்டது என்று கூடவே இருக்கிற எனக்கே ஒரு வருஷம் தெரியவில்லை என்றால் பாருங்கள். அவரை மாட்டிவிட்டது சினிமாதான். கதாநாயகி எங்கிருந்தோ வந்திருப்பாள். அவள் உதடு ஒன்று சொல்லும், பின்னணிக் குரல் வேறொன்று சொல்லும். உதட்டை மட்டும் நம்பியிருக்கிறவர் என்ன செய்வார்?

"யாருகிட்டயும் சொல்லிராத. தெரிஞ்சா லைன்ல இருந்து எடுத்து வாட்ச்மேனா கேட்டுல உக்கார வச்சிருவாங்க" என்றார். கம்பெனியில் நடக்கும் காதுப் பரிசோதனையில்கூட நர்ஸ் முகத்தைப் பார்த்துத்தான் பொத்தானை அமுக்கினாராம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற அந்த வேலையில் நானும் சேர்ந்துகொண்டேன்.

அவர் ஊரில் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை டிவியின் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டுப் பார்த்தேன். தொட்டிக்குள் மீன்கள் மாதிரி ஆட்கள் வாயைத் திறந்து திறந்து மூடினார்கள். யாரோ ஓடினார்கள், யாரோ அழுதார்கள், எல்லாம் எங்கோ தண்ணீருக்கு அடியில் நடப்பதுபோல இருந்தது. அழகாகக்கூட இருந்தது. கண் சொக்கியது. வெளியே தூறல் தகரத்தில் விழுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அவருக்கு அதுவும் கேட்காதே என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது.

படத்துக்குக் கீழே எழுத்து ஓடினால் போதும். ஆனால் போனில் வருகிற தமிழ்ப் படங்களில் இங்கிலீஷ் எழுத்துதான் ஓடுகிறது. எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்த இங்கிலீஷ் மிஷினோடு முடிந்துவிடும். அபூர்வமாகச் சில டிஸ்க்குகளில் தமிழ் எழுத்து இருக்கிறது. எதில் என்றுதான் தெரியாது. பெட்டியின் பின்னால் "சப்டைட்டில் உண்டு" என்று மட்டும் போட்டிருப்பார்கள். நான் வாங்கிய நாலில் மூன்று இங்கிலீஷ். வாங்கிப் பார்த்தவர்கள் வாயைத் திறந்து சொன்னால்தான் உண்டு.

நாங்கள் இருவரும் ஆளுக்கொரு புனைபெயரில் இருந்த ஒரு சினிமாக் குழு இணையத்தில் உண்டு. எங்கள் தொழிற்பேட்டை ஆட்களே அதில் நிறையப் பேர். டிஸ்க் பற்றி அதில் எதைக் கேட்டாலும் ரசிகர் சண்டையில் அடித்துக்கொண்டு போய்விடும். அதனால் வீட்டில் பார்க்க வெளியாகும் டிஸ்க்குகளுக்கென்றே தனியாக ஒரு குழு வேண்டும் என்று எழுதிப் போட முடிவு செய்தேன். ஒரு வாரத்துக்குள் பத்துப் பேர் "வேண்டும்" என்று சொன்னால் குழுவை நடத்துகிறவர்கள் ஆரம்பித்துத் தருவார்கள்.

எனக்கு எழுதத் தெரிந்த ஒரே விண்ணப்பம், நான் வேலை பார்க்கும் கம்பெனியில் யோசனை சொல்வதற்கு நிரப்பிக் கொடுக்கிற கைசன் தாள். போன வருஷம் அதற்கு ஒரு ஹாட்பாக்ஸ் பரிசாகவும் வாங்கியிருக்கிறேன். அந்தத் தைரியத்தில் கட்டம் போட்டே எழுதினேன். தற்போதைய நிலை: தமிழ் எழுத்து உள்ள டிஸ்க் எது என்று தெரிவதில்லை. மாற்றத்துக்குப் பின்: தெரியும். பயனடைவோர்: ஒருவர்.

அந்தக் கடைசிக் கட்டத்தில் பொய் எழுதக் கை வரவில்லை, அவ்வளவுதான். சிரித்துத் தள்ளிவிட்டார்கள். "ஒருத்தருக்கு எதுக்கு மேடம் குரூப்பு, போன் பண்ணிச் சொல்லிரலாமே" என்றார் ஒருவர். "இந்தக் காலத்துல டிஸ்க் யாருங்க வாங்குறா" என்றார் இன்னொருவர். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று விட்டுவிட்டேன். மூன்றாவது ஆள் எழுதியதைத்தான் விட முடியவில்லை: "தமிழ்ப் படத்துக்கு எதுக்குங்க தமிழ் எழுத்து? காது கேக்காதா?"

பதிலை எழுதி எழுதி அழித்தேன். உண்மையைச் சொன்னால் அந்தப் பத்துப் பேர் அன்றைக்கே கிடைத்துவிடுவார்கள். ஆனால் அவருக்குக் கொடுத்த வாக்கு போய்விடும். வாரம் முடிய ஒரே நாள் இருந்தது. "வேண்டும்" என்று வந்திருந்தவர்கள் நாலு பேர்.

மறுநாள் கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டே போனைத் திறந்தேன். அந்தக் கேள்விக்குக் கீழே ஒரு பதில் வந்திருந்தது. புனைபெயரில் இல்லை. என் வீட்டுக்காரர் தன் சொந்தப் பெயரைப் போட்டு, எந்த ஷாப், எந்த ஷிப்ட் என்பதுவரை எழுதியிருந்தார்.

"ஆமாங்க, கேக்காது. அந்த ஒருத்தர் நான்தான். காமெடி சீன் வந்தா என் வீட்டுக்காரி சிரிக்கிறதப் பாத்துட்டு அப்புறமா நான் சிரிக்கிறேன். ஒரு தடவ அவளுக்கு முன்னாடி சிரிக்கணும்னு ஆச. எனக்கு வேண்டும்."

அவர் லைனில் இருக்கிற பாதிப் பேர் இந்நேரம் அதைப் படித்திருப்பார்கள். போன் போடலாம் என்று விரல் போனது. போட்டு என்ன பேசுவது, அவருக்குத்தான் கேட்காதே. என் புனைபெயரை எடுத்துவிட்டுச் சொந்தப் பெயரைப் போட்டேன். அவர் பதிலுக்குக் கீழே எழுதினேன்:

"இவர் என் வீட்டுக்காரர்."