ஹெலிகாப்டரில் ஓர் இடம்

ஜலகண்டாபுரத்துக்குப் பக்கத்தில் கோகிலவாணி வீட்டில் இரண்டு விசைத்தறிகள் ஓடுகின்றன. அவள் கணவன் ஜெகதீஸ்வரன் ராணுவத்தில் ஹவில்தார். கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் இருவரும் சேர்ந்திருந்த நாட்களைக் கூட்டினால் மூன்று வருடம் தேறாது. குழந்தை இல்லை. எங்கே வெள்ளம் வந்தாலும் படகோடு கிளம்பிப் போகிற பிரிவு அவனுடையது. வீட்டில் அவளும் மாமியார் முத்தாயம்மாளும்தான். தறிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசிப் பேசியே இருவருக்கும் குரல் பெருத்துவிட்டது.

போன ஆடியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, காபித்தண்ணி குடித்துவிட்டுச் சாய்ந்த முத்தாயம்மாள் எழவில்லை. ஜெகதீஸ்வரன் அப்போது அசாமில் வெள்ளத்துக்கு நடுவே இருந்தான். போன் போகவில்லை. கோகிலவாணி பட்டாளத்து ஆபீசுக்குச் சேதி சொல்லிவிட்டு, ஐஸ் பெட்டி வரவழைத்து மாமியாரை அதில் கிடத்திக் காத்திருந்தாள். மறுநாள் மத்தியானம் ஏதோ ஒரு நம்பரிலிருந்து அவன் குரல் வந்தது.

“கோகிலா, என்னால வர முடியாது. ஊரே முழுகிக் கெடக்குது. கூரை மேல சனம் நிக்குது. படகு ஓட்ட நாங்க நாலே பேரு.”

“அப்ப கொள்ளி யாருங்க வெக்கிறது?”

“நீயே வெச்சிரு. அம்மாளுக்கு நீதானே எல்லாம் பாத்தே.”

அவன் அழுகிறானா, காற்றின் இரைச்சலா என்று தெரிவதற்குள் போன் அறுந்துவிட்டது.

பங்காளி தமிழரசு ஒத்துக்கொள்ளவில்லை. “பொம்பளை சுடுகாட்டுக்கு வர்ற வழக்கம் நமக்கில்லை. எம் பையன் வெக்கட்டும்.”

“அவரு என்னையத்தான் வெக்கச் சொன்னாருங்க. யாரும் வராட்டியும் நான் போவேன்.”

வந்தார்கள். ஆனால் பெண்கள் யாரும் வாசலைத் தாண்டவில்லை. அத்தனை ஆண்களுக்கு முன்னால் கொள்ளிச்சட்டியோடு அவள் ஒருத்தியாக நடந்தாள்.

கருமாதி முடிந்து ஐந்தாம் நாள்தான் அவன் வந்து சேர்ந்தான். நாள் கணக்கில் தண்ணீரில் நின்றதில் கால் விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண். மஞ்சள் குழைத்து அவள் போட்டுக்கொண்டிருந்தபோது சொன்னான்.

“உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும். அன்னைக்கு ஹெலிகாப்டர்ல ஒரு எடம் இருந்துச்சு. ஆபீசரு என்னைய ஊருக்குப் போகச் சொன்னாரு. கூரையில இருந்து நான் எறக்குன புள்ளை ஒருத்தி நெறமாசம், வலி கண்டுருச்சு. அவளை ஏத்தி உட்டுட்டேன்.”

அவன் செய்தது சரி என்று சொல்லக் கோகிலவாணிக்கு வாய் வரவில்லை. தப்பு என்று சொல்லவும் முடியவில்லை. மறுகாலுக்கும் மஞ்சளைப் போட்டுவிட்டு எழுந்து போனாள். லீவு முடிகிற வரை இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

சேலம் ஜங்ஷனில் அவனை ரயிலேற்றிவிட்டு வந்தவள் சாயங்காலம் தறியை ஓட்டினாள். நூல் அறுந்தது. “அத்தை, மோட்டாரை நிறுத்துங்க!” என்று கத்திவிட்டாள். பிறகு தானே போய் நிறுத்தினாள். வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. போனை எடுத்து அவனைக் கூப்பிட்டாள்.

“அந்த எடத்துல நீங்கதான் வந்திருக்கோணும்.” இத்தனை நாளும் வராத அழுகை அப்போது வந்தது.

அவள் அழுது முடித்ததும், “ஆமா, கோகிலா” என்றான்.

“அந்தப் புள்ளைக்கு என்ன கொழந்தைங்க?”

“தெரியலை. அப்புறம் அவளை நான் பாக்கவே இல்லை.”

“நல்லபடியாத்தான் பொறந்திருக்கும்” என்றாள். “நேரத்துக்குச் சாப்பிடுங்க.”

அன்றைக்கு அவள் சோறாக்கவில்லை.